ஒற்றைக் காசின் சாட்சி: வயல்கள், புதையல்கள், 1878ஆம் ஆண்டுச் சட்டம்

2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் மாவட்டத்திலிருந்து வெளிவந்த காணொளிகளை நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஆசீர்கர் கோட்டைக்கு அருகிலுள்ள வயல்களில், இரவு நேரத்தில், கைவிளக்குகளும் சல்லடைகளும் உலோகம் கண்டறியும் கருவிகளுமாக ஊர்மக்கள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தனர். நெடுஞ்சாலைப் பணிக்காகத் தோண்டிய மண்ணில் முகலாயர் காலத்துப் பொற்காசுகள் இருப்பதாகச் செய்தி பரவியிருந்தது. சம்பாஜியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘சாவா’ என்ற இந்தித் திரைப்படம் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகியிருந்தது. படத்தில் புர்ஹான்பூர் செல்வம் கொழிக்கும் முகலாய நகரமாகக் காட்டப்பட்டதால் செய்திக்குச் சிறகு முளைத்தது.

சமூக ஊடகங்களில் பெரும்பாலோர் இதைக் கண்டு நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. அந்த மக்கள் கொண்டிருந்த வரலாற்றறிவு முழுவதும் பிழையானதன்று. பாரூக்கி மரபினரின் தலைநகராக இருந்த புர்ஹான்பூர், 1601இல் அக்பர் ஆசீர்கரைக் கைப்பற்றிய பின் முகலாயரின் தக்காணப் படையெடுப்புகளுக்குத் தளமாயிற்று. அங்கே முகலாய அக்கசாலை இயங்கியது. ஆசீர்கர் வெற்றியைக் குறிக்க அக்பர் பருந்துருவம் பொறித்த பொன் மொகர் ஒன்றையே வெளியிட்டார். சூரத் துறைமுகத்துக்குச் செல்லும் வணிகப் பாதையும் இந்நகர் வழியே சென்றது. 1681இல் சம்பாஜியின் படை இந்நகரின் செல்வம் மிக்க புறநகரைச் சூறையாடியது. அத்தகைய ஊரின் மண்ணில் காசு கிடைப்பதில் வியப்பில்லை, கிடைக்காவிட்டால்தான் வியப்பு.

வங்கிகள் இல்லாத காலத்தில் மண்ணே வங்கி. படை வருகிறது என்ற செய்தி கேட்டதும் வணிகர் பானையில் காசைப் போட்டுப் புதைப்பார். படை போனதும் தோண்டி எடுப்பார். எடுக்கப்பட்ட புதையல் எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைப்பவையெல்லாம் புதைத்தவர் திரும்பி வராதவை. ஆகவே புதையல் என்பது செல்வத்தின் சான்றாக இருப்பதோடு, ஓர் இறப்புக்கோ இடப்பெயர்வுக்கோ சான்றாகவும் நிற்கிறது. அதை எப்படிப் படிக்கிறோம், எப்படிப் படிக்க முடியாமல் செய்துவிடுகிறோம் என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். உலோகம் கண்டறியும் கருவியின் வளையத்தில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுள் இருக்கும் உலோகத்தில் அது சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் பயன்படுத்திய கருவியின் அடிப்படையும் இதுவே. இன்று சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகள் தனிக்காசு ஒன்றை ஒரு சாண் முதல் ஏறத்தாழ ஓர் அடி ஆழம் வரை உணரும். அதாவது ஏர் உழும் மண்ணும் அதற்குச் சற்றுக் கீழும்.

கருவி தன்னளவில் குற்றமற்றது. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984இல் தொடங்கிய தொல்லியல் ஆய்வு இதே கருவியைக் கொண்டுதான் துப்பாக்கிக் குண்டுகளையும் தோட்டா உறைகளையும் தேடியது. கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து குறித்ததால், போரின் போக்கையே மீட்டமைக்க முடிந்தது. ஒலி கேட்ட இடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆய்வாளருக்கும் புதையல் தேடுபவருக்கும் வேறுபாடு தொடங்குகிறது. புதையல் தேடுபவர் இரும்பின் ஒலியை ஒதுக்கிவிடும்படி கருவியை அமைத்துக்கொள்கிறார்; ஆணி, அம்புமுனை, கொழுமுனை, உலைக்கசடு ஆகிய யாவும் அவருக்குக் குப்பை. பானை ஓடும் எலும்பும் கரியும் ஒலிப்பதே இல்லை. ஓர் ஊரின் வாழ்வைச் சொல்லக்கூடிய சான்றுகளில் பெரும்பகுதி அவர் தோண்டிய குழியின் ஓரத்தில் மண்ணோடு மண்ணாக வீசப்படுகிறது.

ஒரு நாணயக் குவியல் முழுமையாக இருப்பதால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

1906இல் நாசிக்கை அடுத்த ஜோகல்தெம்பியில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கொண்ட குவியல் கிடைத்தது. அனைத்தும் மேற்குச் சத்ரப மன்னன் நகபானன் வெளியிட்டவை. அவற்றுள் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் சின்னங்களை மறுபடி அடித்திருந்தான். நாசிக் குகைக் கல்வெட்டு சாதகர்ணியின் வெற்றியைப் புகழ்மொழியில் சொல்கிறது. இக்குவியல் அதைக் கணக்காகச் சொல்கிறது. வென்றவன் தோற்றவனின் நாணயத்தை ஒழித்துவிடாமல், தன் முத்திரையிட்டு மீண்டும் புழக்கத்தில் விட்டான். மூன்றில் இரு பங்குக்கு மேல் மறு அச்சு பெற்றிருந்தன, எஞ்சியவை பெறவில்லை என்ற விகிதமே அரசு மாறிய பின் பொருளியல் எப்படி இயங்கியது என்ற கேள்விக்கு வழி திறக்கிறது. இதே குவியல் நூறு பேர் கையில் பிரிந்து சென்றிருந்தால், அழகிய முகம் பொறித்த காசுகள் சேகரிப்பாளரிடம் போயிருக்கும். மேலே வேறு சின்னம் அடிக்கப்பட்டுச் சிதைந்தவை உருக்கப்பட்டிருக்கும். விகிதம் நமக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, பயானா. 1946இல் இராஜஸ்தானின் பரத்பூர்ப் பகுதியில், பயானாவை அடுத்த சிற்றூர் ஒன்றில் குப்தர் பொற்காசுகள் நிறைந்த செப்புக்கலம் கிடைத்தது. அரசின் கைக்கு வருமுன் காசுகள் ஊராரிடையே பங்கிடப்பட்டன. சில உருக்கப்பட்டும் விட்டன. பரத்பூர் அரசு மீட்டவற்றை அ. ச. ஆல்டேகர் ஆராய்ந்து 1954இல் விரிவான பட்டியல் வெளியிட்டார். அதிலுள்ளவை 1,821 காசுகள். முதலாம் சந்திரகுப்தன் 10, சமுத்திரகுப்தன் 183, காசன் 16, இரண்டாம் சந்திரகுப்தன் 983, முதலாம் குமாரகுப்தன் 628, ஸ்கந்தகுப்தன் 1. நாணயவியலில் அதுவரை அறியப்படாதிருந்த ‘சக்கரவிக்கிரம’ வகை இக்குவியலால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

பட்டியலின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஆல்டேகர் ஸ்கந்தகுப்தனுக்கு உரியதெனக் கொண்ட காசு ஒன்றே ஒன்று. குவியல் எப்போது புதைக்கப்பட்டது என்பதைச் சொல்வது அந்த ஒன்றுதான். ஒரு குவியலில் மிகப் பிந்தைய காசு எதுவோ, அது வெளியான பிறகே குவியல் புதைக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்கந்தகுப்தன் பொ.ஆ. 455ஐ ஒட்டி அரியணை ஏறினான். அவன் காசு ஒன்று மட்டும் இருப்பதால், அவன் ஆட்சியின் தொடக்கத்திலேயே இது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஹூணர் அச்சமும் உள்நாட்டுக் குழப்பமும் சூழ்ந்த காலம் அது என்பதைப் பீதரித் தூண் கல்வெட்டு காட்டுகிறது. கல்வெட்டு அரசனின் குரல். பயானாக் கலமோ அதே நாள்களில் எங்கோ ஒரு செல்வர் வீட்டில் எழுந்த அச்சத்தின் பதிவு.

இப்போது மாற்றி எண்ணிப் பார்ப்போம். உலைக்குப் போன காசுகளில் அந்த ஒற்றைக் காசும் போயிருந்தால்? எடையில் இழப்பு எட்டுக் கிராமுக்குச் சற்று மிகை அல்லது குறை. ஆனால் மீதமிருந்த 1,820 காசுகளும் சேர்ந்து குமாரகுப்தன் காலத்தில் புதைத்ததாக நம்மிடம் பொய் சொல்லியிருக்கும். நாமும் அதை நம்பி நூல்கள் எழுதியிருப்போம்.

திருட்டே நிகழாவிட்டாலும் இடச்சூழல் போனால் இழப்புதான். 1974இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்துத் தைமாபாத்தில், உழவர் ஒருவர் புதர் ஒன்றின் வேரைத் தோண்டியபோது நான்கு வெண்கல உருவங்கள் வெளிப்பட்டன: தேர், எருமை, யானை, காண்டாமிருகம். மொத்த எடை 60 கிலோவுக்கு மேல். பின்னர் அங்கே முறையான அகழாய்வு நடந்தது. ஆயினும் அவ்வுருவங்கள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பதை அகழாய்வாளர் தம் கண்ணால் கண்டதில்லை. அவை பிந்தைய ஹரப்பாக் காலத்தவையா, அதற்கு வெகுகாலம் பிற்பட்டவையா என்ற விவாதம் அதனால்தான் இன்றுவரை முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்து மாண்டியில் வயலைச் சமப்படுத்தியபோது ஹரப்பா வகைப் பொன் அணிகள் கிடைத்தன. ஊரே திரண்டு அள்ளியது. காவல்துறையால் ஒரு பகுதியையே மீட்க முடிந்தது. அது பொற்கொல்லர் ஒருவரின் இருப்பா, ஒரு குடும்பத்தின் சேமிப்பா, வேறொன்றா என்று உறுதிபடச் சொல்ல வழியில்லாமற் போயிற்று.

ஊர்மக்களை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. 2013 அக்டோபரில், உன்னாவ் மாவட்டத்து தௌண்டியா கேராவில் 1,000 டன் தங்கம் புதைந்திருப்பதாகச் சாமியார் ஒருவர் கனவு கண்டார் என்ற செய்தியின் பின்னணியில் அரசுத் தொல்லியல் துறையே அகழாய்வுக் குழி இட்டது. நாடெங்குமிருந்து ஊடகங்கள் குவிந்தன. தங்கம் கிடைக்கவில்லை. கிடைத்த பானை ஓடுகளையும் செங்கல் சுவர்களையும் பற்றி யாரும் கேட்கவில்லை. மண்ணுக்குள் தேட வேண்டியது தங்கத்தையே என்ற எண்ணத்தை அன்று நாட்டுக்குக் கற்பித்தவர்கள் புர்ஹான்பூர் உழவர்கள் அல்லர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பெல் குண்டு தேடியதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. கையில் கருவியோடு வயலில் நடப்பவரை அச்சட்டம் கற்பனை செய்திருக்க முடியாது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாகக் காண்பவரே அதன் பார்வையில் ‘கண்டெடுத்தவர்’. மண்ணிலோ மண்ணோடு இணைந்த எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புடைய எப்பொருளும் அதன்படி புதையல். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, அதற்கு ஈடு காட்டவோ வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதங்களுக்குக் குறையாமலும் ஆறு மாதங்களுக்கு மிகாமலும் நாள் குறித்து, உரிமை கோருவோரை விசாரிப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் எனத் தீர்ந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் சேரும். அறிவிக்காமல் மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான சட்டமே. இரண்டு இடங்களில் அது இன்று நம்மைக் கைவிடுகிறது. ஒன்று, அந்த 10 ரூபாய் வரம்பு. 1878இல் அது ஓர் உழைப்பாளியின் பல நாள் கூலி. இன்று வயலில் கிடக்கும் தேய்ந்த செப்புக்காசு ஒன்றும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். எழுத்தின்படி பார்த்தால், பழங்காசு ஒன்றை எடுத்து வீட்டில் வைத்திருக்கும் உழவர்கள் பல்லாயிரம் பேர் குற்றவாளிகள். எல்லோரையும் குற்றவாளியாக்கும் சட்டத்தை எவரும் நடைமுறையில் பின்பற்றுவதில்லை.

மற்றொன்று இதனினும் ஆழமானது. புதையலை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், அப்பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தந்தால் போதும் என்கிறது சட்டம். பொற்காசுக்கு இது ஓரளவு பொருந்தும். செப்புக்காசுக்கு? ஈயக்காசுக்கு? சாதவாகனர் ஈயக்காசு ஒன்றின் உலோக மதிப்பு சில்லறைப் பணம். அதில் ஐந்தில் ஒரு பங்கு அதனினும் சில்லறை. வரலாற்று மதிப்பு என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. காசை உருக்கும் கொல்லர் எந்தத் தராசைப் பயன்படுத்துகிறாரோ, அதே தராசைத்தான் நம் சட்டமும் கையில் வைத்திருக்கிறது.

1972இல் இயற்றப்பட்ட தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் வேறு நோக்கம் கொண்டது. நூறாண்டு பழமையான பொருள்களின் வணிகத்தையும் ஏற்றுமதியையும் அது கட்டுப்படுத்துகிறது. பொருள் வயலை விட்டு வெளியேறிய பின் நிகழ்வதைக் கண்காணிக்க அது உதவும். வயலிலேயே நிகழும் முதல் அரைமணி நேரத்தைப் பற்றி அது பேசுவதில்லை.

அந்த அரைமணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் களப்பணியின்போது உணர்ந்தேன். நர்மதைக் கரை ஊர் ஒன்றில் முதிய உழவர் ஒருவர், பேரப்பிள்ளையின் அரைஞாணில் கோத்திருந்த சதுரச் செப்புக்காசைக் காட்டினார். மாண்டு சுல்தான்கள் காலத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அடிவானம் முழுவதையும் சுற்றிக் காட்டி, இந்தப் பக்கந்தான் என்றார். இதுபோல் இன்னும் இருந்தனவா என்றதற்கு, ஒரு செம்பு நிறைய இருந்ததாகவும், பழைய பாத்திரம் வாங்க வந்தவரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். அரசிடம் தெரிவித்திருக்கலாமே என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தெரிவித்தால் மீதி எங்கே என்று கேட்டு வீட்டைத் தோண்டுவார்களே, அப்போது நீங்கள் வந்து நிற்பீர்களா என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அவர் மறைத்தது பேராசையால் அன்று. உண்மையைச் சொன்னால் ஐயத்துக்கு ஆளாவோம் என்ற, பட்டறிந்த அச்சத்தால்.

இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், 1997இல் தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டமும் இச்சிக்கலை வேறு வகையில் அணுகின. வட்டாரந்தோறும் தொல்லியல் அறிந்த அலுவலர் ஒருவர் இருக்கிறார்; கண்டெடுத்தவர் அவரிடம் பொருளைக் காட்டலாம். அவர் இடத்தைக் குறித்துப் படமெடுத்துப் பதிந்துகொள்கிறார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. அங்கும் இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுவோர் உண்டு; அத்திட்டத்தைக் குறைகூறும் தொல்லியலாளரும் உண்டு. அதை அப்படியே இங்கு நட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வயல்களில் பல, புதையுண்ட ஊர்களின் மேட்டிலேயே அமைந்தவை. அங்கே கருவியுடன் திரிய உரிமை அளிப்பது பேரிடரை அழைப்பதாகும். நாம் கற்க வேண்டியது ஒன்றுதான்: கண்டெடுத்தவர் அச்சமின்றிச் சென்று பேசக்கூடிய, காவல்துறை சாராத, பெயரும் முகவரியும் உடைய ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும்.

அப்படித் தகவல் உரிய இடத்தை அடைந்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்துச் சினௌலியில், வயலைச் சமப்படுத்திய உழவர்களுக்கு மனித எலும்புகளும் பானைகளும் கிடைத்தன. செய்தி தொல்லியல் துறைக்கு எட்டியது. 2005இல் தொடங்கிய அகழாய்வில் 116 ஈமக்குழிகள் வெளிப்பட்டன. 2018இல் செப்பு அணிவேலைப்பாடு கொண்ட சவப்பெட்டிகளும் சக்கர வண்டிகளும் கிடைத்தன. கங்கைச் சமவெளியின் செப்புக்குவியல்களைச் சேர்ந்த வாள்கள் 19ஆம் நூற்றாண்டு முதலே உழவர் கையில் கிடைத்துவந்தவை. ஆனால் பெரும்பாலும் இடம் காலம் அறியாத அநாதைப் பொருள்களாகவே அருங்காட்சியகங்களில் கிடந்தன. சினௌலியில் அவ்வகை வாள் ஈமக்குழியோடு சேர்ந்து கிடைத்தது. அவ்வண்டிகள் தேர்களா என்ற விவாதம் தொடரட்டும். விவாதிக்கச் சான்று இருக்கிறது என்பதே பெரிது.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். களத்தில் எவரேனும் காசு காட்டினால், விலை பேசாதீர்கள், உடனே கையில் கேட்டு வாங்கவும் முயலாதீர்கள். வயல், ஆழம், உடன் கிடைத்த பானை ஓடு ஆகியவற்றைக் கேட்டு, அவர் இசைவுடன் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் என்ன சொல்கிறது, அவருக்கு என்ன பங்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புளியோ அமிலமோ இட்டுத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். களிம்போடு ஒட்டியிருக்கும் துணியின் தடமும் சான்றுதான். கிடைத்த இடம் அறியாத காசுகளை ஆய்வின் பெயரால் வாங்காதீர்கள். நாம் தரும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த குழிக்கான முன்பணம்.

மூத்த ஆய்வாளர்களுக்கு ஒன்று. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பையும் ஈட்டுத்தொகையையும் மாற்றக் கோரும் குரல் நம்மிடமிருந்துதான் எழ வேண்டும். பொருளின் எடைக்கு மட்டுமன்றி, கண்டெடுத்தவர் தரும் தகவலுக்கும் மதிப்பளிக்கும் விதி வேண்டும். இடம் கலையாமல் அறிவித்தவருக்குக் கூடுதல் பரிசு என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். பாத்திரக்காரரின் தராசை விட நம் தராசு கனமாகும்.

ஆசீர்கர் வயல்களில் அன்றிரவு யாருக்கு என்ன கிடைத்தது என்பதை நாம் அறியப்போவதில்லை. கிடைத்த காசில் 1,821இல் ஒன்றைப் போன்ற ஒற்றைக் காசும் இருந்திருக்கலாம். அதை எடுத்தவர் கெட்டவராக இருந்திருக்கத் தேவையில்லை. அவர் சென்று காட்ட ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.